ஒரே பெயரில் இரண்டு பெண்கள்

தம்பி சேலத்தில், அஸ்தம்பட்டியில் இருக்கிறான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் குடும்பத்தின் வம்சாவளியைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினான். அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். பெயரை மட்டும் போட்டால் அதற்குப் போதாது. பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அடியில், இது எங்கிருந்து தெரிந்தது என்று ஆதாரம் கேட்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் அப்பாவின் பத்திரங்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், கோயில் வரி ரசீதுகள் எல்லாம் பரமத்தி வேலூரில் என் வீட்டில்தான் இருந்தன. ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடித்து அனுப்புவேன். ஒருவருக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று தம்பி சொன்னால், முருகா என்று கையெடுத்துக் கும்பிடுவேன்.

எங்கள் பக்கம் குலதெய்வத்தின் பெயரையே திரும்பத் திரும்ப வைப்பார்கள். அதனால் யார் யாரென்று குழம்பி, தம்பி ஒரே ஆளை இரண்டு பத்திரிகையிலிருந்து இரண்டு முறை ஏற்றிவிடுவான். இருவரும் ஒருவரா என்று மென்பொருள் கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் சேர்த்துவிடும்.

ஆடிப் பதினெட்டுக்கு அவனும் நாமக்கல்லிலிருந்து அக்காவும் வந்திருந்தார்கள். காலையில் காவிரியில் குளித்து, புதுப் பாவாடை சட்டை வைத்து, எங்கள் வீட்டுக் கன்னியைக் கும்பிட்டோம். கன்னி என்றால் அக்காவுக்கு அடுத்துப் பிறந்து, நடை பழகிய வயதில் காய்ச்சலில் போனவள்; அப்படிச் சிறு வயதில் போன பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். பிறகு பிறந்த எனக்கு அவள் பெயரையே வைத்தார்கள்.

கும்பிட்டு முடிந்ததும் தம்பி லேப்டாப்பைத் திறந்து காட்டினான். அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"மூணு பேருதான இருக்கறோம். அவ எங்க, சாமி?"

தம்பி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். என் பெயருக்கு நேரே அவள் பிறந்த வருடம் இருந்தது. ஆதாரம் என்ற இடத்தில் என் பள்ளிக்கூடச் சான்றிதழ்.

"பேரும் ஒண்ணு, அப்பா அம்மாவும் ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளுன்னு தெரியாம அமுக்கிட்டனுங்க்கா. அவளுக்குக் காயிதமும் ஒண்ணும் இல்லீங்களே."

அக்காவின் முகம் வாடியது. அவரைத் தேற்ற நினைத்து நான், "உடுங்க்கா. அவதான் நானா வந்து பொறந்துட்டாள்னு அம்மாவே சொல்லுவாங்கல்ல" என்றேன். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பெருமை.

"நீ வேற, அவ வேற அம்மிணி."

அக்கா இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவள நெனச்சு நெனச்சு அழுதுட்டுக் கெடந்தேன். நீ பொறந்ததும், அதான் திரும்பி வந்துட்டாளே, இன்னும் என்னத்துக்கு அழுகறேன்னு வீட்டுல எல்லாரும் கேட்டாங்க. அப்பறம் அவளப் பத்தி நானு யாருகிட்டப் பேசறது?"

என் பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆண்டுதோறும் அவளிடம்தான் வேண்டியிருக்கிறேன். அவள் எப்படி இருப்பாள் என்று அக்காவிடம் கேட்கத் தோன்றியதேயில்லை.

தம்பி இருவரையும் பிரித்துவிட்டான். அவளுக்குத் தனியாக ஒரு கட்டம் வந்தது.

"ஆதாரம்னு என்னத்தப் போடட்டுங்க்கா?"

"நானு உசுரோடதான இருக்கறேன்? என்னையப் போடு."

அவன் தேடினான். நேரில் பார்த்தவர் வாயால் சொன்னதையும் ஆதாரமாக ஏற்றலாம் என்று இருந்தது. யார் சொன்னது, என்ன உறவு, எந்த ஊரில் சொன்னது என்று கேட்டது.

"சொல்லுங்க்கா, எழுதறேன்."

"கோர்ட்டுல சாட்சி சொல்றாப்பல இருக்குதே. கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணோணுமா?" அக்கா சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். "முன்நெத்தியில சுழி. அம்மா வாழக்காட்டுக்குப் போனா நாந்தான் தூக்கி வெச்சிருப்பேன். எறக்கி உட்டா என்ற பாவாடையப் புடிச்சுக்கிட்டே நடப்பா. தண்ணி வேணும்னா என்ற காதப் புடிச்சு இழுப்பா."

தம்பி இரண்டு விரலால் தட்டித் தட்டி ஏற்றி, வாசித்துக் காட்டினான்: "மூத்த சகோதரி இவரை வலது இடுப்பில் தூக்கி வைத்திருப்பார்."

"வலதுன்னு எவன் சொன்னான்? எடது. சோத்தாங்கை சும்மா இருந்தாத்தான வேல செய்ய முடியும்?"

அவன் அழித்துவிட்டு இடது என்று திருத்தினான்.

"சோறு ஆறுதுங்க்கா" என்றேன்.

"ஆறட்டும் அம்மிணி. நீயும் வந்து உக்காரு. இன்னும் இருக்குது, எழுது சாமி."