தினமும் ஒன்பது மணிக்கு வந்தவர்

பேச வாயே வராத ஒருவர், பேசியே பிழைக்கிறவர்களுக்காகக் கம்பெனி ஆரம்பித்தார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அவருடைய அக்காவுக்கே வந்தது.

“நாலு பேர் நடுவுல தண்ணி வேணும்னு கேக்கவே உனக்குக் கூச்சம். நீ சேல்ஸ்மேனுக்கெல்லாம் வழி காட்டப் போறியாடா?”

பழைய ஆபீஸில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். வரவேற்பறைக்குப் பக்கத்தில்தான் அவருடைய மேஜை. பையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருக்கும் விற்பனையாளர்களைப் பத்து வருஷம் பார்த்தார். உள்ளே இருக்கிற மேனேஜரோ பதவி உயர்வு கிடைத்ததையும், புதுக் கிளை திறந்ததையும் சமூக வலைத்தளத்தில் எழுதிக்கொண்டிருப்பார். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. இந்த இரண்டு பேரையும் ஒரு கோட்டில் நிறுத்தினால் என்ன என்று மௌனசாமிக்குத் தோன்றியது. வாடிக்கையாளர்கள் எழுதுவதையெல்லாம் ஒரே திரையில் திரட்டி, ‘இன்றைக்கு இவருக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்’ என்று விற்பனையாளருக்கு நினைவுபடுத்தும் மென்பொருள். கல்லூரி நண்பன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். “பேசறது நான், செய்யறது நீ” என்பது ஏற்பாடு.

ஒன்றரை வருஷத்தில் அந்த நண்பனுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. “தப்பா எடுத்துக்காதடா, வீட்டுல நெருக்குறாங்க” என்றான். தப்பாக எடுத்துக்கொள்ளக்கூட மௌனசாமிக்கு நேரம் கொடுக்காமல் திங்கட்கிழமையே போய்விட்டான். கம்பெனியின் வாய் போய், கை மட்டும் மிஞ்சியது.

தையற்கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். அதுவரை பதினான்கு பேர் அந்த மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் ஒருவர்தான் மிச்சம். யாராவது உள்ளே வந்தால் மௌனசாமியின் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்; அவர் எதைத் திறக்கிறார், எதை அழுத்துகிறார் என்பதும் தெரியும். இந்த ஒருவரின் புள்ளி காலை ஒன்பது மணிக்கு எரிந்து ஒரு மணிக்கு அணையும். லிஃப்ட் விற்பவர் என்று பதிவில் இருந்தது.

அந்தப் புள்ளிக்காகவே மௌனசாமி எட்டரைக்குள் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் தன் வாடிக்கையாளர்களோடு பரிமாறிய பழைய கடிதங்களைத் தேடி மேலும் கீழும் அலைவதைக் கண்டு, அதற்கென்று ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார். மறுநாள் காலை அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது. அன்றைக்கு முழுக்க மௌனசாமிக்கு மனசு லேசாக இருந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறதோ என்று பெரிதாக்கினார். அதன் பிறகு லிஃப்ட்காரர் இன்னும் வேகமாகப் படித்தார். ஒரு வார்த்தை பரிமாறாமல் இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அந்த இரண்டு மாதத்தில் மௌனசாமி வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அக்காதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஒரு புதன்கிழமை புள்ளி எரியவில்லை. வியாழன், வெள்ளி, சனியும் அப்படியே. மென்பொருள்தான் பழுதோ என்று தலைகீழாக நின்று சோதித்தார். பழுது எதுவும் இல்லை.

“போன் நம்பர் இருக்குல்ல? கூப்பிடு” என்றாள் அக்கா.

“கூப்பிட்டு என்னன்னு பேசுறது, அக்கா?”

“நல்லா கேட்ட போ. உன் கம்பெனியே அதுக்குத்தானடா இருக்கு!”

போன் அணைந்து கிடந்தது. பதிவில் இருந்த ஆபீஸுக்கே நேரில் போனார். அங்கே வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிர்ந்து, “அவரா? அவரை அனுப்பிச்சு அஞ்சு மாசம் ஆச்சே சார்” என்றாள். மௌனசாமிக்கு ஒன்றும் ஓடவில்லை. வேலையே இல்லாத மனிதர் தினம் நான்கு மணி நேரம் யாரிடம் என்ன விற்றார்? அந்தப் பெண் ஒரு தாளில் வீட்டு விலாசம் எழுதிக் கொடுத்து, “பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்றாள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் புரை எடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மனைவி போய் நான்கு வருஷம், மகள் கடல் கடந்து இருக்கிறாள். திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் போனை அணைத்து அலமாரியில் பூட்டிவிட்டாராம்.

“நான்... அந்த சாஃப்ட்வேர்... செஞ்சவன்” என்று மௌனசாமி திக்கித் திணறிச் சொன்னார்.

“அடடே! பொத்தான் வெச்ச ஆளா? வாங்க, உள்ள வாங்க!”

“நீங்க வேலையில இல்லன்னு சொன்னாங்க.”

“இல்லதான். முப்பது வருஷத்துல நானூத்திச் சொச்சம் லிஃப்ட் வித்திருக்கேன் தம்பி. வாங்கினவங்க எல்லாம் எங்க போனாங்க? அவங்களைத்தான் விசாரிச்சுக்கிட்டிருந்தேன். ‘இன்னைக்கு இவர்கிட்ட பேசு’ன்னு காலையில உங்க பொட்டி சொல்லுது. எனக்கு வேற யாரு சொல்றாங்க?”



“ஒரே ஒரு குறை” என்றார் லிஃப்ட்காரர். “ஒரு ஆஸ்பத்திரி டாக்டர், என்னோட முதல் வாடிக்கையாளர். போன மாசம் காலமாயிட்டார். அதை உங்க பொட்டிக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. ‘முப்பது நாளா பதில் இல்லை, மறுபடி முயலுங்கள்’னு வாராவாரம் அவர் படத்தோட வந்து நிக்குது. நானும் ரெண்டு தரம் எழுதிட்டேன். சும்மா, மனசு கேக்கல.”

அந்த ‘மறுபடி முயலுங்கள்’ மௌனசாமி எழுதிய வரிதான். அதை எழுதும்போது செத்துப்போகிறவர்கள் அவர் நினைவுக்கு வரவில்லை.

மறுநாளே அதற்கு ஒரு வழி செய்தார். பட்டியலில் இருப்பவர் காலமாகிவிட்டால் அப்படிக் குறித்துவைக்கலாம். நினைவூட்டல் வராது, பழைய கடிதங்கள் மட்டும் இருக்கும். கண் ஆறியதும் லிஃப்ட்காரரைக் கம்பெனிக்கே வேலைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டது கடிதத்தில்தான். லிஃப்ட்காரர் நேரில் வந்து, “சரின்னு சொல்ல வந்தேன், அதுக்கு எதுக்குக் கடுதாசி?” என்றார்.

அவர் வாயைத் திறந்ததும் கம்பெனி நிமிர்ந்தது. தன் பழைய கதைகளைச் சொல்லியே ஒரு பம்ப் கம்பெனியையும் இரண்டு மருந்துக் கம்பெனிகளையும் பிடித்தார். ஒரே வருஷத்தில் ஆட்கள் ஒன்பது பேர் ஆனார்கள். மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவர் பேசுவார், இவர் கேட்பார். மௌனசாமிக்கு அந்த அரை மணி போதுமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. லிஃப்ட்காரர் இரண்டு பெட்டிகளோடு கிளம்பிப் போனார். அங்கிருந்து முதலில் தினமும் எழுதினார், பிறகு வாரம் ஒருமுறை. பேரக்குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அதுவும் நின்றது. அதில் அவர்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது தையற்கடையும் காலிசெய்து போக, அந்தக் கட்டடம் முழுக்க மௌனசாமியின் ஆட்கள்தான். இருபத்தேழு பேர், காலையிலிருந்து ஓயாத பேச்சு. ஒருநாள் அவரும் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே அவர்களோடு போய் உட்கார்ந்தார். ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். ஒரு பெண் எழுந்து தன் நாற்காலியைத் தந்தாள். “சொல்லுங்க சார்” என்றான் ஒருவன்.

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

எல்லோரும் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். மறுநாள் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கிருந்து, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று புரியாவிட்டாலும் சிரிப்பது நன்றாகக் கேட்டது.