ட்ரெவெட்டா, ஃபேரோவா?

கால்டர்விக் ஊரின் பதினான்காம் எண் பேருந்து ரயில் நிலையத்தில் கிளம்பி, கால்பந்து மைதானத்தின் பின்சுவரை ஒட்டித் திரும்பி, குன்றின் மேலிருக்கும் மருத்துவமனையில் போய் நிற்கும். பதினொரு வருடமாக அதை ஓட்டியவள் லினெட் ஹோல்ராய்ட். பிறந்தது மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், விவாகரத்து வாங்கினாள், ஐம்பத்து நான்கு வயதை எட்டினாள். இவை எல்லாவற்றுக்கும் ஊடே மாறாமல் இருந்தது ஊரின் கால்பந்து அணியான டவுன் கிளப்பின் சீசன் டிக்கெட் ஒன்றுதான்.

அந்த அக்டோபரில் அவளால் ஓரிடத்தில் நிலைகொள்ள முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்து அலமாரியைக் குடைந்தாள். பேருந்தில் கால் தானாக வேகத்தைக் கூட்டியது. நேரத்துக்கு முன்பே நிறுத்தங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, உரிய நேரம் வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். அப்படிக் காத்திராமல் கிளம்பிவிட்ட நாட்களில் வண்டியைத் தவறவிட்ட இரண்டு பேர் புகார் எழுதிப் போட்டார்கள்.

பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு அப்போது ஒரே பேச்சுதான். பழைய மேனேஜர் மால்கம் ட்ரெவெட்டா, புதிய மேனேஜர் ஜூலியன் ஃபேரோவா?

ட்ரெவெட் ஆறு வருடம் இருந்தவர். இதே ஊர்க்காரர். ஒரு கோல் போட்டதும் பத்துப் பேரையும் பின்னால் இழுத்து நிறுத்திவிடுவார். பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வரும், ஆனால் புள்ளி வரும். கடைசிக் குளிர்காலத்தில் அந்தப் புள்ளியும் வரவில்லை. தொடர்ந்து ஏழு தோல்வி, பிப்ரவரியில் வேலை போயிற்று. தெற்கிலிருந்து வந்த ஃபேரோவுக்கு முப்பத்தெட்டு வயது, கையில் எப்போதும் மடிக்கணினி. வீரர்கள் கொறிக்கும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியை நிறுத்திவிட்டு பீட்ரூட் சாறு கொடுத்தார். கோல்கீப்பரிலிருந்தே பந்தைச் சின்னச் சின்னதாகத் தட்டி முன்னேறவேண்டும் என்றார். கண்ணுக்கு அழகாக இருந்தது. அப்படித் தட்டும்போதே எதிரணி பறித்துக்கொண்டு கோல் போட்டது. அக்டோபரில் டவுன் பட்டியலின் கடைசிக்கு ஒன்று மேலே இருந்தது.

ட்ரெவெட் மழையில் தொப்பிகூட இல்லாமல் நிற்பார், இந்த ஆளுக்குக் குடை பிடிக்க ஒருத்தன் என்றாள் காய்கறிப் பையோடு ஏறும் கிழவி. ட்ரெவெட் தோற்றால் நாங்கள் மோசமாக ஆடினோம் என்பார், இவர் வளர்ச்சிப் பாதையில் இருக்கிறோம் என்கிறார் என்றார் தபால்காரர். ஃபேரோவின் பக்கமும் ஆள் இருந்தது. கல்லூரி ஆசிரியை ஒருத்தி, ஆறு வருடம் தூங்கியவர்களுக்கு விழித்துக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று வாதாடினாள். கடைசியில் எல்லாரும் ஓட்டுநர் பக்கம் திரும்புவார்கள். லினெட், நீ சொல்லு. அவள் கண்ணாடியைப் பார்த்து ஏதாவது முனகுவாள்.

அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. பிப்ரவரியில் ட்ரெவெட்டை வெளியே அனுப்பிய பதாகை அவள் கையால் எழுதியது. இரட்டைக் கட்டிலுக்கான விரிப்பு, நீலப் பூப்போட்டது. ஜலதோஷம் என்று விடுப்பு எடுத்த ஒரு வியாழக்கிழமை அதைக் கொல்லையில் விரித்து, வேலிக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயிண்டால் ‘ட்ரெவெட், வெளியே போ’ என்று எழுதினாள். அந்த மனிதர் மேல் பெரிய வெறுப்பு ஒன்றும் இல்லை. ஏழு ஆட்டம் தோற்ற எரிச்சல், வீட்டில் பொழுது போகவில்லை, பெயிண்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சனிக்கிழமை மைதானத்தில் அதன் ஒரு முனையை அவளும் மறு முனையைப் பணிமனைக் கூட்டாளி நெவிலும் பிடித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. விரிப்பு முகத்தை மறைத்ததால் அவள் யாரென்று தெரியவில்லை. திங்கட்கிழமை அவரை நீக்கிவிட்டார்கள்.

அக்டோபர் நடுவில் ஒரு காலையில் அதே ட்ரெவெட் பேருந்தில் ஏறினார். கிளப் கொடுத்த கார் கிளப்புக்கே போய்விட்டது, வீட்டுக் காரை மனைவி வேலைக்கு எடுத்துப்போகிறாள் என்று கேட்காமலே சொன்னார். அம்மா இடுப்பெலும்பு உடைந்து மருத்துவமனையில் கிடந்தாள். தினமும் பத்தேகால் வண்டியில் வந்து, முன்னிருக்கையில் லினெட்டுக்குப் பக்கவாட்டில் உட்காருவார். மற்றவர்கள் அவரைக் கண்டதும் பேச்சை வானிலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அவரோ பந்தைப் பற்றித்தான் பேசினார். ஃபேரோவின் இடது பக்கத் தடுப்பாளன் ஏறிப்போனால் திரும்பி வருவதில்லை என்றார். பிறகு, அந்த ஆள் பந்தை நகர்த்தக் கற்றுக்கொடுத்திருப்பதில் பாதிகூடத் தன்னால் முடிந்திருக்காது என்றும் சொன்னார். அவரும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், மற்றவர்களைவிட ஓயாமல். கை சும்மா இருக்காது. பயணச்சீட்டின் பின்பக்கத்தில் பதினொரு ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டு, இறங்கும்போது கசக்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

"எங்கம்மா டவுன் கட்சிங்க, என் கட்சி இல்ல. ஆஸ்பத்திரியில நுழைஞ்சதும் ஸ்கோர் கேப்பாங்க. முன்னால ரெண்டு பேரை நிறுத்தியிருந்தா உனக்கு வேலை போயிருக்காதுன்னு படுக்கையில கெடந்துகிட்டே திட்டுறாங்க" என்றார் ஒருநாள்.

லினெட் சிரித்தாள். அன்று மதியம் ரொட்டியைக் கடித்துவிட்டு மூடி வைத்துவிட்டாள். இன்னும் எட்டு நாள் அப்படியே போயிற்று. தினமும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்து, ‘இன்னிக்கு மழைதான்’ என்று முடித்தாள்.

ஒன்பதாம் நாள் வண்டியில் அவரைத் தவிர யாருமில்லை. வழக்கம்போல நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால், நூலக நிறுத்தத்தில் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த பேனர் நான் எழுதினதுங்க."

ட்ரெவெட் பயணச்சீட்டில் புள்ளி வைப்பதை நிறுத்தினார்.

"பூப்போட்ட விரிப்பு" என்றார்.

"ஆமாங்க."

"பெயிண்ட் காயறதுக்கு முன்னாடியே மடிச்சிட்டீங்க. என் பேர்ல கடைசி ரெண்டு எழுத்தும் ஒட்டிக்கிச்சு."

மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தாள். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

"எங்கம்மா எனக்கு நேர் பின்னால உக்காந்திருந்தாங்க. எண்பத்தி ரெண்டு வயசு. மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பேனரை, கண்ணாடி போடாமலே வாசிச்சிட்டாங்க."

நேரமானது. லினெட் வண்டியை எடுத்தாள். மருத்துவமனைக்கு இரண்டு நிறுத்தம் முன்பே அவர் மணியை அழுத்தி இறங்கி, செங்குத்தான அந்தச் சாலையில் நடந்தார். மறுநாள் பத்தேகால் வண்டியில் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஒருமுறை குன்றுச் சாலையின் பாதி வழியில் கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அவள் வேகத்தைக் குறைத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது, போதாததற்கு அந்த மனிதரை நடக்கவும் வைத்துவிட்டாள்.

டிசம்பரில் நெவில் பணிமனையில் அவளைப் பிடித்தான். ஃபேரோவுக்கும் ஒரு விரிப்பு எழுதவேண்டும், உன் கையெழுத்துதான் தூரத்திலிருந்து தெரியும் என்றான். முடியாது என்றாள். அவர் இருக்கவேண்டுமா போகவேண்டுமா என்று கேட்டான். தெரியாது, ஆனால் எழுதமாட்டேன் என்றாள். வேறு யாரோ எழுதினார்கள், மஞ்சள் விரிப்பில். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு ஃபேரோ மடிக்கணினியோடு தெற்கே போனார். அவரை அனுப்பியது தன் விரிப்பு இல்லை என்பதில் லினெட்டுக்கு ஆறுதல் கிடைத்திருக்கவேண்டும். கிடைக்கவில்லை. அந்தப் பண்டிகை முழுக்கச் சமையலறை அலமாரிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

மூன்றாவதாக வந்தவர் க்ளைவ் என்ற முன்னாள் கோல்கீப்பர். பேருந்தில் இப்போது மூன்று பேரையும் ஒப்பிட்டார்கள். ட்ரெவெட்டுக்குப் பக்கத்து மாவட்டத்தில் மில்பெக் கிளப்பில் வேலை கிடைத்திருந்தது. மார்ச் மாதம் அந்த அணி கால்டர்விக்குக்கு ஆடவந்தது.

ட்ரெவெட் வீரர்கள் வரும் சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வந்ததும் மைதானமே எழுந்து கைதட்டியது. லினெட்டால் எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. பக்கத்தில் நெவில் உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த கிளப்புக்கு வாய்ச்சதிலேயே இவர்தான்யா மேனேஜர்."

"அந்த விரிப்போட இன்னொரு முனையைப் பிடிச்சது நீதான், நெவில்."

"அப்ப நெலமை வேற" என்றான் அவன், தட்டுவதை நிறுத்தாமல்.

பதினேழாம் நிமிடம் மில்பெக் ஒரு கோல் போட்டது. அத்தோடு பத்துப் பேரும் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். மிச்சமிருந்த எழுபது சொச்ச நிமிடமும் யாருக்கும் கோல் கிடைக்கவில்லை. கைதட்டிய அதே கூட்டம், இந்த ஆள் மாறவே மாட்டான் என்று திட்டிக்கொண்டே கலைந்தது. ட்ரெவெட் இரண்டு பக்கமும் பார்க்காமல் உள்ளே போனார்.

லினெட் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். அன்று அவளும் பயணிதான். பக்கத்தில் டவுன் கழுத்துத்துண்டு சுற்றிய ஒரு கிழவி ஊன்றுகோலைப் பிடித்தபடி பொருமிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா கண்ணு, ஒரு கோல் போட்டுட்டா கதவைச் சாத்திக்கிறான். அஞ்சு வயசுல இருந்தே அப்படித்தான். ஒரு மிட்டாய் கெடச்சா கைய மூடிக்குவான். காருல வாம்மான்னான், இப்படி ஆடுறவன் கூட வரமாட்டேன்னுட்டேன்."

இது ட்ரெவெட்டின் அம்மா என்று லினெட்டுக்குப் புரிந்தது. இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போனவள், அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாளோ என்ற யோசனையில் நிறுத்திக்கொண்டாள்.

"நீ சொல்லு. மூணு பேருல யாரு தேவலாம்?" என்றாள் கிழவி.

"உங்க பையன்தாங்க" என்றாள் லினெட்.

"எல்லாரும் இப்ப இதையே சொல்றீங்க. அன்னிக்கு எங்க போயிருந்தீங்க?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். பதினான்காம் எண் வந்தது. லினெட் கை கொடுத்து அவளைப் படியேற்றினாள். அந்தக் கை கோழி எலும்புபோல லேசாக இருந்தது, பிடி மட்டும் இறுக்கம். கிழவி முன்னிருக்கையில் சாய்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். வண்டி பாதி காலி. லினெட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் நிறுத்தம் வரும்வரை நின்றே வந்தாள்.