வெறும் குழாய்

மெரெத்தா லுண்ட்பி பேராசிரியராவதற்கு ஒரே ஒரு நேர்முகத் தேர்வுதான் பாக்கி. அதற்கு முந்தின வாரம் தன் கிருமியைத் தொலைத்தாள்.

டென்மார்க்கின் யூட்லாந்துக் கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். வீங்கிய முழங்கால்களின் சீழில் கிருமி தேடுவது அவள் வேலை. சின்ன வயதிலேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். எந்த வளர்ப்புத் தட்டில் வைத்தாலும் அது வளராது. மரபணுத் தடயம் மட்டும் கிடைக்கும். அந்தப் பிடிவாதத்தைப் பற்றியே கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினாள். மாநாடுகளில், "உன் கிருமி சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள். புருஷனை யாரும் விசாரித்ததில்லை. கொஞ்ச காலத்தில் புருஷனும் இல்லை.

ஒவ்வொரு முறையும் சீழே போடாமல், சோதனைக்கான மருந்துநீரை மட்டும் ஒரு குழாயில் ஊற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும். மருந்துநீர் அசுத்தமாக இருந்தால் அந்த வெறும் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். மாணவர்களுக்கு மெரெத்தா முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். தன் சோதனைகளில் மட்டும் அந்த இடத்தில் இன்னொரு நோயாளியின் சீழை வைத்துவிடுவாள். பாவம், காத்திருக்கிறார்களே என்ற நல்ல மனசுதான்.

அன்று நோயாளிகள் குறைவு. இடம் காலியாக இருந்ததால் வெறும் குழாயை வைத்தாள். கிருமி அதில் ஜம்மென்று இருந்தது. திரும்பவும் வைத்தாள். திரும்பவும் இருந்தது. மருந்துநீர்ப் புட்டியில் குடியிருந்ததை இத்தனை வருடமாக ஊரார் முழங்காலில் இருப்பதாகச் சொல்லிவந்திருக்கிறாள்.

தேர்வு முடிந்த பிறகு சொன்னால் என்ன என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அந்தக் கூடத்தில் தப்பு செய்தவர் கேக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் மெரெத்தா கடையில் இருந்ததிலேயே பெரிய கேக்கோடு வந்தாள்.

துறைத்தலைவர் பிரெபனுக்கு ஒரே குஷி. "என்ன தாயே, ஃப்ரீசரைத் திறந்துபோட்டுட்டுப் போயிட்டியா? நான் போட்டதுக்கே சின்னக் கேக்தான் வாங்குனேன்!"

"என் கிருமி மருந்துநீர்ல இருக்கு, பிரெபன். முழங்கால்ல இல்ல."

"எந்தக் கட்டுரையில?"

"எல்லாத்துலயும்."

பாதிக் கட்டுரைகளில் பிரெபன் பெயரும் இருந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இதை அடுத்த வாரம் சொன்னா ஆகாதா?"

"என் பேச்சை நம்பி ஆஸ்பத்திரியில இன்னிக்கும் அந்தக் கிருமிக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க."

பிரெபன் கேக்கைத் தள்ளி வைத்தார். "அப்ப போனை எடு. என்னை ஏன் பாக்குற?"

மருத்துவமனையைக் கூப்பிட்டு ஊசியை நிறுத்தச் சொன்னாள். அடுத்து, ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள். முதல் ஆள் எகோன், மீன்பிடித்து ஓய்ந்தவர்; நன்றி மறக்காமல் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் புகைபோட்ட விலாங்கு மீன் அனுப்புகிறவர்.

"அட, டாக்டரம்மாவா! கால் ஜோரா இருக்கு. எல்லாம் உங்க புண்ணியம்."

"எகோன், உங்க கால்ல அந்தக் கிருமி இருந்ததே இல்ல. அந்த ஊசி உங்களுக்குத் தேவையே இல்ல."

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா. அந்த ஊசி போட்டதுல காது போயிடுச்சு. போனாப் போவுது, கால் பொழைச்சுதே!"

மெரெத்தாவுக்கு இது தெரியாது. அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தட்டும் கையுமாக எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையே கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னாள்.

"இன்னும் சத்தமா," என்றார் எகோன்.