வரியும் கூடக்கூடாது, குளமும் மூடக்கூடாது

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிற வேலை என்றால், காலை எட்டு மணிக்கு "வரியைக் குறையுங்கள்" என்று கத்துகிறவரும் ஒன்பது மணிக்கு "எங்கள் தெருவுக்கு விளக்குப் போடுங்கள்" என்று கத்துகிறவரும் ஒரே ஆளாக இருப்பார். பொதுமக்களின் டெலிபோனை எடுத்துக் காது சிவந்த அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வேலையில் கிடைக்கிற பரபரப்பு எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. முன்பு பத்து வருஷம் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருந்தேன். அங்கே எல்லோரும் வாயைத் திறப்பார்கள், ஒருவரும் பேசமாட்டார்கள்.

மூன்று விரல்

ஜெர்மனியில் எங்கள் ஊர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். எங்கள் உறுப்பினர் பழைமைவாதக் கட்சிக்காரர். ஸ்டுட்கார்ட்டில் மாநிலச் சட்டமன்றத்திலும் இருக்கிறார், ஊரில் நகரசபையிலும் இருக்கிறார். இந்த நாட்டில் இரண்டு கதிரையிலும் ஒருவரே இருக்கலாம். முதல் நாளே என்னை இருத்தி மூன்று விரலை நீட்டினார். ஒன்று, வரியைக் கூட்டக் கூடாது. இரண்டு, கையில் இல்லாததைச் செலவழிக்கக் கூடாது. மூன்று, ஊர் முடிவு செய்யக்கூடியதை ஸ்டுட்கார்ட் முடிவு செய்யக் கூடாது.

நான் மூன்றையும் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி டெலிபோனில் ஒட்டினேன். பக்கத்து மேசைப் பெட்ரா அந்த அலுவலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே மூச்சில் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிடுகிற ஆள் வருவார். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும்."

மாம்பழப் பெட்டி

அந்த ஆள் மூன்றாம் வாரமே வந்தார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தமிழ்க்கடை வைத்திருக்கிற யோகன் அண்ணைதான். எங்கட ஆள் ஒன்று உள்ளே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து நின்றார். கடைக் கட்டடம் அவருடைய சொந்தம். அதற்கான சொத்து வரியைக் குறைக்க வேண்டும், கடைக்கு முன்னால் கிண்டிப் போட்ட ரோட்டை நகரசபை உடனே மூட வேண்டும், நகரசபை கேட்காவிட்டால் ஸ்டுட்கார்ட்டிலிருந்து உத்தரவு வர வேண்டும். பெட்ரா எனக்கு நேரே மூன்று விரலைக் காட்டிச் சிரித்தாள்.

உறுப்பினர் வெளியே வந்து கை கொடுத்தார், மாம்பழத்தை மட்டும் தொடவில்லை. அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று அண்ணைக்கு விளக்கினேன். அண்ணை பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு என் காதோடு சொன்னார்: "அப்ப அவர் கடைக்கு வந்து காசு குடுத்து வாங்கட்டும் தங்கச்சி. அதைப் பிழையெண்டு ஒருத்தரும் சொல்லேலாதுதானே?"

இடுப்பளவு தண்ணீர்

இனி என் கதை. நான் யாழ்ப்பாணத்தில் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்தவள், நாற்பத்தேழு வயது வரை கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள். போன வருஷம்தான் துணிந்து ஊர் நீச்சல் குளத்தில் செவ்வாய்க்கிழமைப் பெண்கள் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு செவ்வாய், சுவரைப் பிடித்திருந்த கையை விட்டேன். நான் தாழவில்லை. நாலு முறை கையை வீசினேன், நாலு முறையும் மிதந்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதே நாள்தான் ஆசிரியை சொன்னார், கூரை பழுதாகிவிட்டதாம், திருத்தப் பணம் கிடைக்காவிட்டால் குளத்தை மூடிவிடுவார்களாம். மாநிலம் இதற்கென்று தனி நிதி தரக்கூடாது என்று எங்கள் உறுப்பினர் சட்டமன்றத்தில் பேசியிருந்தார். அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்தது நான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் செய்திருந்தேன். அதைச் சொன்னதும் என்னோடு படிக்கிற துருக்கிக்காரி தண்ணீரில் நின்றபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்: "நாளைக்கு வேலைக்குப் போனதும் அவரிடம் சொல். இல்லாவிட்டால் என் பக்கத்தில் நீந்தாதே."

சொன்னேன்

சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, மனம் மாறவும் இல்லை. எத்தனை மீட்டர் நீந்துகிறீர்கள் என்று கேட்டார். ஆறு என்றேன். "நம் ஊருக்கு மட்டும் மாநிலப் பணத்தில் கூரை போட்டால் பக்கத்து ஊருக்கு நான் என்ன சொல்வது? நகரசபையில் பொதுமக்கள் கேள்வி நேரம் இருக்கிறது. போய் எழுந்து நின்று பேசுங்கள். வரியைக் கூட்டச் சொன்னால் நான் எதிர்த்து வாக்களிப்பேன், ஆனால் பேசுங்கள்."

கை தூக்கிய அன்று

அன்று நகரசபை மண்டபம் நிறைந்திருந்தது. எழுந்து நின்று பேசிவிட்டேன். நாலு முறை மிதந்ததையும் சொன்னேன், சிரித்தார்கள். சொத்து வரியைக் கூட்டி ஊரே கூரையைத் திருத்துவது என்று தீர்மானம் வந்தது. கைகள் உயர்ந்தன. எங்கள் உறுப்பினர் சொன்னபடி எதிர்த்துத்தான் தூக்கினார். ஒரு வாக்கால் குளம் பிழைத்தது. பக்கத்தில் யார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கட்டிப்பிடித்துவிட்டேன். அது பெட்ரா.

வாசலில் யோகன் அண்ணை என்னையும் உறுப்பினரையும் மறித்தார். கடை ஜெர்மன் அவருக்குப் போதும், ஆனால் பெரிய விஷயத்துக்கு மொழிபெயர்க்க நான் வேண்டும். "ஊர்ச்சபை இப்பிடி வரியைக் கூட்டேலாதெண்டு ஸ்டுட்கார்ட்டிலை ஒரு சட்டம் போடச் சொல்லு தங்கச்சி." என் குளத்துக்கு எதிராக நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஒரு சொல்லை விழுங்கினால் யாருக்கும் தெரியாது. விழுங்கவில்லை, அப்படியே சொன்னேன்.

உறுப்பினர் கோட்டுப் பொத்தானைப் போட்டார். "எனக்கும் இந்த வரி பிடிக்கவில்லை. ஆனால் ஊர் முடிவு செய்யட்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிவிட்டு, நான் தோற்ற அன்றைக்கு மட்டும் ஸ்டுட்கார்ட்டுக்கு ஓட முடியாது. அவரிடம் சொல்லுங்கள்." சொன்னேன். அண்ணை அவரை மேலும் கீழும் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பிறகு என் பக்கம் திரும்பினார்: "ஆம்பிளையளுக்கு எந்த நாள் வகுப்பு? வரி கட்டப்போறன், தண்ணியிலை இறங்காமல் விடுவனோ?"

தன் கொள்கை தனக்கே எதிராகத் திரும்பிய அன்றைக்கும் அதைக் கைவிடாத ஒரே ஒரு அரசியல்வாதியைத்தான் நான் இந்த வேலையில் கண்டிருக்கிறேன், அவருக்கு இதுவரை ஒருமுறைகூட நான் வாக்குப் போட்டதில்லை.