லேடீஸ் கவுண்டர் திறக்காத படங்கள்

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் வருவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச்போர்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால், ஷிஃப்ட் முடியும்வரை ஊரில் உள்ளவர்களின் கோபமெல்லாம் என் காதுக்குள்தான். வெளியூருக்கு டிரங்க் கால் கிடைக்காவிட்டால் நான் காரணம். லைன் கரகரத்தால் நான் காரணம். பம்பாயில் இருக்கும் மாப்பிள்ளை போனை எடுக்காததற்கும் நானே காரணம். யார் என்ன திட்டினாலும் "லைன்ல இருங்க சார், ப்ளீஸ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் பாலக்கரைக்காரர் ஒருவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். அப்பா இறந்தபின் தம்பியைப் படிக்கவைக்கக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர். பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்காதபடி பார்த்துக்கொண்டவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார். அதே ஞாயிறு வேறு எங்கே போவார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, மதுரைக்கு லைன் கேட்ட வியாபாரி ஒருவர் என் அம்மாவையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். நான் "ப்ளீஸ்" என்றேன். அக்கா எட்டி என் பலகையிலிருந்து அந்த லைனின் ஒயரைப் பிடுங்கினார். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

"லைன் கட்டாயிடுச்சு மேடம்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பிறகு என் பக்கம் குனிந்து, "நாளைக்கு உனக்கு லீவுதானே? பூசை முடிஞ்சதும் படத்துக்குப் போறேன். நீயும் வா."

"என்ன படம்க்கா?"

"சைனாக்காரன் சண்டைப் படம்."

அப்போதெல்லாம் அந்தப் படங்கள் ஞாயிறு காலைக் காட்சியாகத்தான் வரும். அக்காவின் தம்பி ஆண்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வந்தான். அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆண்கள், பீடிப் புகை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ராஜா காலத்துச் சீனா. ஆண்களுக்கு முன்தலை மழித்து, பின்னால் இடுப்புவரை ஒற்றைப் பின்னல். எனக்கும் அதே நீளம் இருந்தது. பஸ்ஸில் எவனாவது அதைப் பிடித்து இழுப்பான், நான் திரும்பிப் பார்க்காமல் நிற்பேன். திரையில் ஒருவனுடைய பின்னலை ஒரு சிப்பாய் பிடித்து இழுத்தான். அவன் திரும்பினான். பின்னலைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டான். தியேட்டர் முழுக்க விசில்.

பிறகு ஒரு பெண் வந்தாள். மலையடிவாரத்தில் ஒரு சத்திரம், காகிதம் ஒட்டிய ஜன்னல்கள். முதுகில் வாளோடு உள்ளே வந்து, மூலையில் உட்கார்ந்து டீ கேட்டாள். கவர்னரின் ஆட்கள் அவளைச் சுற்றி நின்று ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த சில நிமிஷங்களில் அந்தச் சத்திரத்தில் முழுசாக ஒரு பெஞ்சு மிச்சமில்லை. வாய் மூடியபிறகும் இங்கிலீஷ் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விசித்திரமாகப் படவில்லை. குரல் ஒரு ஊரிலும் ஆள் ஒரு ஊரிலும் இருப்பது எனக்குப் பழக்கம்தானே. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் படங்களில் பெண் கை ஓங்கினால் அடுத்த காட்சியில் அழுதாக வேண்டும். இவள் வாளைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, மீதி டீயைக் குடித்தாள்.

அந்த வாரமே பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல், யாரோ என் பின்னலை இழுத்தார்கள். எனக்கே தெரியாமல் அதை முன்னால் இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

"யாரு இழுத்தது?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கண்டக்டர், "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் நின்ற ஒருவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை விடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். பாலம் தாண்டியதும் அம்மா மண்டபம் ஸ்டாப்பிலேயே அந்த ஆள் இறங்கிவிட்டார்.

அதன்பிறகு அப்படிப் படம் வந்தால் போகாமல் இருந்ததில்லை. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே கதை. மன்னரின் கட்டளை என்று மஞ்சள் பட்டுச் சுருளை விரித்துப் படிப்பார்கள். ஊரே தலையைத் தரையில் வைத்துக் கிடக்கும். ஒரு ஆள் மட்டும் நிற்பான். அந்த ஒரு ஆளுக்காகத்தான் நான் போனேன்.

அக்காவின் தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். அடுத்த படத்துக்கு நாங்கள் இருவர் மட்டும். லேடீஸ் கவுண்டர் என்று எழுதிய கதவு பூட்டியிருந்தது. தமிழ்ப் படங்களுக்குக் கைக்குழந்தையும் கூஜாவுமாகப் பெண்கள் முண்டியடிக்கும் அதே கவுண்டர்தான். வாசலில் நின்றவரிடம் கேட்டோம்.

"இந்தப் படத்துக்கு லேடீஸ் டிக்கெட் கிடையாதுங்க."

"ஏன் கிடையாது?"

"லேடீஸ் யாரும் வர்றதில்லங்க."

"நாங்க வந்திருக்கோமே" என்றார் அக்கா.

"கவுண்டரே இல்லைங்கறேன், எப்படிங்க வருவாங்க?"

நான் ஆண்கள் கவுண்டரின் பக்கம் போனேன். கம்பி வைத்த குறுகலான சந்துக்குள் வரிசை நெருக்கியடித்து நின்றது. வெளிப்பக்கமாகப் போய், டிக்கெட் தரும் ஓட்டைக்குள் கையை விட்டேன். "ரெண்டு குடுங்க." உள்ளே இருந்தவர் வளையலைப் பார்த்தார், ஓட்டையை மூடும் பலகையைச் சாத்தினார். மணிக்கட்டில் நன்றாக இடித்தது. நான் கையை எடுக்கவில்லை.

"கைய எடும்மா!"

"டிக்கெட் குடுங்க, எடுக்கறேன்."

வரிசையில் சத்தம் எழுந்தது. ஒருவன் பாட்டுப் பாடினான். இன்னொருவன், "படம் போட்ருவான்யா, குடுத்துத் தொலைங்க" என்று கத்தினான். அக்கா என் தோளை ஒட்டி நின்றார். நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே, "எடுக்காதே" என்று மட்டும் சொன்னார். கடைசியில் மேனேஜர் வந்தார்.

"நல்ல குடும்பத்துப் பொண்ணாத் தெரியறீங்க. இது அடிதடிப் படம்மா. ரத்தமெல்லாம் வரும். உங்களுக்குப் பிடிக்காது."

"பாத்துட்டு வந்து சொல்றேன் சார், பிடிச்சுதா இல்லையான்னு."

வரிசையில் நின்றவர்களே சிரித்துவிட்டார்கள். பால்கனியில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. படம் முடிந்ததும் நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. "பிடிச்சுது சார். அடுத்த படத்துக்கு அந்தக் கவுண்டரைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி எங்கள் உத்தர வீதிக்குப் போயிருந்தது. அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். விடியற்காலையில் பெருமாளைச் சேவிக்காமல் காபி குடிக்காதவர். கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கேடி போயிட்டு வரே?"

"சினிமாவுக்கு."

"ஆம்பளைகளோட வரிசையில நின்னு சண்டை போட்டியாமே? எதிராத்து மாமா பாத்தேன்னு சொல்றார்."

"மாமா என்னை எங்கே பாத்தாராம்?"

எதிர்வீட்டு மாமா என்னைப் பார்க்கவேண்டுமென்றால் அவரும் அந்த வரிசையில்தான் நின்றிருக்க வேண்டும். சமையலறையில் அம்மா ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

"அவர் ஆம்பளை" என்றார் அப்பா கடைசியில். "இனிமே நீ போகப்படாது."

"போவேன்ப்பா. ஆபீசுல வாரம் பூரா வாயை மூடிண்டு திட்டு வாங்கறேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அது எனக்கு வேணும்."

சாயங்காலம் அப்பா கோவிலுக்குத் தனியாகக் கிளம்பிப் போனார்.

கொஞ்ச நாளில் கும்பகோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு பாங்க் வேலை. கேசரி, பஜ்ஜி, காபி. நான் எல்லோரையும் சேவித்தேன், அதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பாடச் சொன்னார்கள், பாடினேன். எல்லாம் முடிந்து வெற்றிலைத் தட்டை நகர்த்தும்போது பையனின் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணு இந்தக் கராத்தே படத்துக்கெல்லாம் போறதா ஒரு பேச்சு காதுல விழுந்தது. சின்ன வயசு, பரவாயில்லை. இனிமே போகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். எங்களுக்குப் பூரண திருப்தி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில் ஒரு கெஞ்சல் தெரிந்தது. அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டுப் பிறகு ஏமாற்றியும் போகலாம், பலபேர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

"போவேன்" என்றேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவன் ஒன்றும் பேசவில்லை. எங்கள் சண்டைப் படங்களில் அந்த மாதிரி ஆளை முதல் ரீலிலேயே முடித்துவிடுவார்கள். அவர்கள் கிளம்பிப் போனார்கள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா வழியாகத்தான் எல்லாம். "அவளைத் தண்ணி பிடிக்கச் சொல்லு." "அவகிட்ட பஸ் இல்லைன்னு சொல்லு." சில நாள் படுக்கையில் அழுதிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வந்ததும் போனேன்.

அம்மா என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஒரு ஞாயிறு பார்த்தால் தளிகை சீக்கிரமே ஆகியிருந்தது. "சாப்ட்டுட்டுப் போ. பத்தரைக்கே ஆரம்பிச்சுடறானாமே" என்றாள். நேரம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எதிராத்து மாமாவின் மனைவியிடம் விசாரித்திருக்க வேண்டும்.

சில மாதம் கழித்துக் கல்யாணத் தரகர் வந்தார். கும்பகோணத்துக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். பெண் கொஞ்சம் பணிந்து, பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் முடித்துவிடலாமாம். நான் உள்ளே பூ தொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் அப்பா.

"அதான் ஸ்வாமி, அந்த சினிமா..."

"ஏங்காணும், அவ சினிமாவுக்குப் போறா. திருடப் போகலை. அவா கேட்டா, அவ மறைக்காம பதில் சொன்னா. பொய் சொல்ற பொண்ணு வேணும்னா வேற இடம் பாக்கச் சொல்லும்."

கையில் நார் அறுந்தது. அப்பா என்னிடம் இதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. அந்தப் படங்கள் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவும் இல்லை. மறுநாள் காலை மட்டும், அம்மாவை நடுவில் வைக்காமல், "குடை எடுத்துண்டு போ" என்றார்.

தியேட்டரிலும் ஒரு நாள் அந்தக் கதவு திறந்தது. மேனேஜர் மனம் மாறியதாக நான் நம்பவில்லை. நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஆண்கள் சந்துக்குப் போய்ச் சத்தம் போட்டு, படம் தொடங்கத் தாமதமானதுதான் காரணம். எங்களைப் பார்த்து ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு பேர் வர ஆரம்பித்திருந்தார்கள். காலேஜ் ஹாஸ்டல் பெண்கள் கும்பலாக வந்தார்கள். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, வாழைத்தார் லாரியில் வந்து, கணவரைக் காந்தி மார்க்கெட்டில் விட்டுவிட்டு நேரே இங்கே வருவார். "ஒரு பாட்டு இல்ல, ஒரு அழுகை இல்ல. நிம்மதியா இருக்குங்க" என்பார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. கதை எங்களைவிட நன்றாகப் புரிந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். வீட்டில் எல்லோரும் என் சினிமாவும் அதோடு முடிந்தது என்றே நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம்தான். பெண்கள் துணையோடு சினிமா போவது ஒன்று. தனியாக ஒருத்தி போய் உட்காருவதை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. இரண்டு ஞாயிறு போகாமல் வீட்டிலேயே இருந்தேன். மூன்றாவது வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ஒரு புதுப் படத்தின் போஸ்டர், மெயின்கார்டு கேட் சுவரில். கோட்டை மதில்மேல் வாளோடு ஒரு கிழவி, கீழே ஒரு சேனை.

ஞாயிறு காலை கிளம்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நர்சுகளுக்கு அன்று டூட்டி, ஹாஸ்டல் பெண்களுக்குப் பரீட்சைச் சமயம், லால்குடி அம்மாவையும் காணோம். லேடீஸ் கவுண்டரில் நான் ஒருத்திதான்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"கூட யாரும் வரலையா?"

"வரலை. ஒண்ணு குடுங்க."

பால்கனியில் நடு வரிசையில், நடு இருக்கையில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஈரப் புடவையை உதறிவிட்டுக் காலை நீட்டினேன். விளக்கு அணைந்தது. பெரிய சேகண்டி ஒன்று ஒலிக்க, மலைகளும் மூடுபனியும் அகலமாக விரிந்தன. அந்தக் கிழவி மதில்மேல் வந்து நின்றாள். கீழே மஞ்சள் பட்டுச் சுருளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் போடு என்று சேனாதிபதி கத்தினான். அவள் கொட்டாவி விட்டாள். நான் அந்த இருட்டில், தன்னந்தனியாக, வாய்விட்டுச் சிரித்தேன்.