பால்காரர் கொடுத்த ஃபோர்க்

அப்பாவின் பழைய சைக்கிளுக்கு ஃபோர்க் தேடி, போன வாரம் சுங்குவார்சத்திரம் இரும்புக் கடையில் ஒன்றைத் தூக்கினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கவட்டையின் கனம் மணிக்கட்டில் இறங்கியதும், 1991 பொங்கல் நினைவுக்கு வந்தது.

அப்போது விடிந்தால் வடக்குப்பட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ். கால் ஊன்றாமல் கடைசியாக வருபவனுக்குத்தான் பரிசு. எங்கள் வண்டியின் ஃபோர்க்கோ விரிசல் விட்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கடைகளில் இருந்ததெல்லாம் எங்கள் உயரமான வண்டிக்குக் குட்டை. உலகமே முடிந்ததுபோல் அழுதேன்.

"இன்னாத்துக்குடா ஒப்பாரி? இந்தா," என்று பால்காரர் முனுசாமி மாமா தன் பழைய வண்டியிலிருந்து கழற்றித் தந்தார். பால் கேன்களைச் சுமந்த தடித்த இரும்பு. புளித்த பால் வாசனை வேறு.

அப்பா பூட்டிப் பார்த்துவிட்டு, "யானை கணக்கா கீது. நீயே நெனச்சாலும் வேகமா போவாது," என்றார்.

அப்படித்தான் ஊர்ந்தது. ஒவ்வொருவனாகக் கால் ஊன்றி வெளியேற, கடைசியில் நானும் பக்கத்துத் தெரு சேகரும்தான் மிச்சம். அவன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாமாவுக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"மிதிடா, அவன் முந்திக்கினு போறான் பாரு!"

பதறிப்போய் மிதித்தேன். சேகரைத் தாண்டி, முடிவுக் கோட்டையும் தாண்டி, முதல் ஆளாக நின்று கையைத் தூக்கினேன். ஊரே சிரித்தது. பரிசு சேகருக்கு. மாமா மட்டும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"நம்ம ஃபோர்க்கு இன்னா ஸ்பீடு பாத்தியா?"

இரும்புக் கடைக்காரரிடம், கையிலிருந்த அந்த ஃபோர்க்கையே எடை போடச் சொன்னேன்.