நான் எண்ணாத மூலை

அறுபதுகளில் திண்டுக்கல் விவசாய ஆபீசில் எனக்குப் பூச்சிக் கணக்கெடுக்கும் வேலை. ஓரடிச் சதுர மரச்சட்டத்தை வயலில் அங்கங்கே வீசி, அதற்குள் அகப்படும் கம்பளிப்புழுக்களை எண்ணிச் சராசரி போடவேண்டும். சராசரி கூடினால்தான் பூச்சிப்பொடி கிடைக்கும்.

சேவுகம்பட்டிப் பக்கம் கணவரை இழந்த ஓர் அம்மாள் மானாவாரிக் கடலை போட்டிருந்தார். அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரிய அதை விட்டால் வேறு வழியில்லை. இருபது இடத்தில் சட்டம் வீசினேன். பெரும்பாலும் பூஜ்யம். பொடி தேவையில்லை என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் அவர் தகர டப்பா நிறையப் புழுவோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். “இம்புட்டுக் கெடக்கு, இல்லங்கிறீகளே!”

கணக்கு பொய் சொல்லாது என்று எரிந்து விழுந்தேன். என் வாய் அப்படி.

பக்கத்து மேஜையில் புள்ளியியல் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர் இருந்தார். டவுனில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பம். என் நோட்டில் இருந்த வயல் படத்தைப் பார்த்தார். “புழு என்ன ரேஷன் கார்டா வச்சிருக்கு, எல்லா எடத்துலயும் சமமா இருக்க? இந்த மூலையில ஏன் எண்ணல?”

“அங்க வேப்பமரத்தடியில சாமிக் கல் இருக்கு” என்றேன். அந்த வேப்பமரத்தடியை உழமாட்டார்கள். செருப்போடு யாரும் போகமாட்டார்கள். எந்த ஊரிலும் அப்படிப்பட்ட மூலைகளை நாங்கள் ஒதுக்கிவிடுவோம். போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அன்றே இருவரும் போனோம். அந்த மூலைக்குப் போகலாமா என்று அவர் முதலில் அம்மாளிடம் கேட்டார்.

“செருப்பக் கழட்டிட்டுப் போங்க சார். சாமி என்ன புழுவையா வளக்குது?”

உழாத மண்ணில் கூட்டுப்புழுக்கள் பிழைத்து, அந்துப்பூச்சியாகி, பக்கத்திலேயே கும்பலாக முட்டையிட்டிருந்தன. கல்லிலிருந்து பத்தடிக்கு ஒருமுறை சட்டம் வைத்து எண்ணினோம். விலக விலகப் புழு குறைந்தது. அவர் கட்டக் காகிதத்தில் வளைகோடு வரைந்தார். பிறகு நாங்கள் தொடாத ஓரிடத்தைக் காட்டி, “ஏழெட்டு இருக்கும்” என்றார். குனிந்து எண்ணினேன். எட்டு! அப்படி ஒரு மூளையை அதுவரை நான் கண்டதில்லை.

பொடியை எதுவரை தூவவேண்டும் என்பதையும் அந்தக் கோட்டை வைத்தே சொன்னார். அரை மூட்டை போதுமானதாக இருந்தது. கடலை தப்பியது.

அறுவடை முடிந்ததும் அம்மாள் ஆபீசுக்கு வந்து புதியவர் மேஜையில் பச்சைக்கடலையைக் குவித்தார். எனக்கும் இரண்டு கை அள்ளி வைத்தார்.

“நீங்களும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார்? நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.